ஒரே கடல், வேறு வேறு கடன்கள்: மலாயாவுக்கு வந்தவர்களின் கதை

வாசகர் ஒருவரின் கேள்வி, 2023 ஜூன் 3

சீனர்களும் தமிழர்களும் ஏறக்குறைய ஒரே காலத்தில்தான் மலாயாவுக்கு வந்தார்கள். இரு தரப்பும் வெறுங்கையோடு வந்தவர்கள். நூறாண்டு கழித்துப் பார்த்தால் ஒருவர் கடைவீதியில் நிற்கிறார். இன்னொருவர் தோட்டத்தை விட்டு வெளியேற்றப்பட்டு அடுக்குமாடி வாடகை வீட்டில் இருக்கிறார். நம்மவர்களுக்கு முனைப்பு போதவில்லை என்பது என் முடிவு. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கட்டும்.

ஜூன் 3, இரவு

மறுக்கிறேன்.

வெறுங்கையோடு வந்தார்கள் என்பது உண்மை. ஆனால் கப்பல் கட்டணத்தை யார் கொடுத்தார், அந்தக் கடனை எவரிடம் அடைக்க வேண்டியிருந்தது, அடைத்த பிறகு எங்கே போக முடிந்தது? இந்த மூன்றையும் ஒதுக்கிவிட்டு முனைப்பைப் பற்றிப் பேசக் கூடாது. இடைநிலைப் பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். இதே கேள்வியை வகுப்பில் பல முறை சந்தித்திருக்கிறேன். கேட்டவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பிள்ளைகள். தம் பாட்டன் பாட்டியைப் பற்றி அவர்களே அப்படி நம்பியதுதான் என்னை உறுத்தியது.

சீனத் தொழிலாளியும் கடனில்தான் வந்தான். தரகன் கட்டணம் கட்டினான், துறைமுகத்தில் சுரங்க முதலாளி தரகனுக்குப் பணம் கொடுத்து ஆளை எடுத்துக்கொண்டார். உழைத்துக் கடனைத் தீர்க்கும்வரை கொங்சி வீட்டில், அதாவது தொழிலாளர் கூட்டாகத் தங்கும் கொட்டகையில், அடைபட்டுக் கிடந்தான். தீர்த்த பிறகு வேறு சுரங்கத்துக்குப் போகலாம், பங்குக்கு ஈயம் தோண்டலாம், மீன் விற்கலாம். முதலாளி அவன் பேச்சுமொழி பேசுகிறவர். ஈயம் கிடைத்த இடத்தைச் சுற்றியே கடை, அடகுக்கடை, சாப்பாட்டுக்கடை, நகரம் எல்லாம் எழுந்தன. தைப்பிங், ஈப்போ, கோலாலம்பூர் எல்லாம் இப்படி வந்த ஊர்கள். 1857-இல் ராஜா அப்துல்லா அம்பாங் பக்கம் அனுப்பிய 87 சீனத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் மலேரியாவில் செத்தார்கள். மிஞ்சியவர்களும் பின்னால் வந்தவர்களும் இருந்த சேற்றங்கரைதான் இன்றைய தலைநகரம்.

நம்மவர்கள் போன இடத்தைப் பாருங்கள். முதலில் சஞ்சிக்கூலி, அதாவது ஒப்பந்தக் கூலி; பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருந்த புரோவின்ஸ் வெல்லெஸ்லியின் கரும்புத் தோட்டங்கள். பிறகு கங்காணி முறை, ரப்பர். கங்காணி தன் ஊருக்கே போய், தெரிந்த குடும்பங்களை அழைத்து வந்தார். வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் அவருக்குத் தலைக்காசு உண்டு. அதனால் ஆள் ஓடிவிடாமல் காப்பதில் அவருக்கே லாபம். லயன் வீடு, அதாவது தொழிலாளர் வரிசை வீடு, நிர்வாகத்துடையது. தண்ணீரும் மருந்தும் பிள்ளைக்கூடமும் நிர்வாகத்துடையவை. வேலை போனால் அன்றே கூரையும் போகும். தோட்டத்தைச் சுற்றி நகரம் வளரவில்லை. அடுத்த தோட்டம்தான் இருந்தது.

நகரத்தின் நடுவில் கொண்டுவந்து விடப்பட்டவனையும், காட்டின் நடுவில் கொண்டுவந்து விடப்பட்டவனையும் நூறாண்டு கழித்து நிறுத்தி முனைப்பை அளப்பது நியாயமா?

ஜூன் 4, காலை

நேற்று எழுதியதில் ஒரு பகுதி விட்டுப்போயிற்று. தோட்ட முதலாளிகளுக்குத் தமிழர்களே ஏன் வேண்டியிருந்தார்கள்?

ஆட்களைத் திரட்டிக் கொடுக்கச் சென்னை மாகாணம் பக்கத்தில் இருந்தது. அதுவும் பிரிட்டிஷ் ஆட்சி, இதுவும் பிரிட்டிஷ் ஆட்சி. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றுவது எளிது. 1876-78 பஞ்சம் ஊர்களைக் காலி செய்திருந்தது. சீனத் தொழிலாளிக்குச் சங்கமும் தலைவனும் உண்டு, கூலி பேசுவான், பிடிக்காவிட்டால் போய்விடுவான். அதனால் அவனுக்குக் கூடுதல் கூலி கொடுக்க வேண்டியிருந்தது. ஒரே தோட்டத்தில் ஒரே வேலைக்குத் தமிழனுக்குக் குறைந்த கூலி என்பது மறைவாக நடந்ததல்ல, எல்லோருக்கும் தெரிந்த நடைமுறை.

1907-இல் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்று சட்டப்படி வந்தது. தமிழ்த் தொழிலாளரை வைத்திருக்கும் முதலாளிகள் எல்லோரும் அதில் பணம் கட்ட வேண்டும். அதிலிருந்து எல்லோருடைய கப்பல் கட்டணமும் போகும். மேலோட்டமாகப் பார்த்தால் நல்ல ஏற்பாடு. ஆள் கடனின்றி இறங்குகிறான். சஞ்சி முறையும் 1910-இல் நின்றது. ஆனால் ரப்பர் விலை ஏறும்போதெல்லாம் புதிய ஆட்களைச் செலவில்லாமல் இறக்கலாம் என்றால் கூலி எப்படி ஏறும்? கடன் ஒழிந்தது, கூலி நின்ற இடத்திலேயே நின்றது.

ஜூன் 4, மாலை

பினாங்கிலிருந்து ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். தமிழர் என்றாலே தோட்டம்தானா, நாங்கள் யார் என்று கேட்கிறார். கோபம் நியாயமானது.

பினாங்குத் தமிழ் முஸ்லிம்களின் கதை ரப்பருக்கு நூறாண்டு முந்தையது. 1786-இல் பிரான்சிஸ் லைட் தீவில் இறங்கிய சிறிது காலத்திலேயே சோழ மண்டலக் கரையின் வணிகர்களும் படகோட்டிகளும் அங்கே இருந்தார்கள். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801-இல் எழுந்தது. சிங்கப்பூரில் நாராயண பிள்ளை எழுப்பிய மாரியம்மன் கோவில் 1827-ஐச் சேர்ந்தது. செட்டியார்கள் வட்டிக்கடை வைத்தார்கள். சீனச் சுரங்கக்காரரும் மலாய் நிலக்காரரும் அவர்களிடம் கடன் வாங்கினார்கள். யாழ்ப்பாணத்தவர் ஆங்கிலப் படிப்போடு வந்து ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் அமர்ந்தார்கள். 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு முதல் ரயில் ஓடியபோது பாதை போட்டவர்கள் இலங்கையிலிருந்து வந்த தொழிலாளர் படையினர்.

கைதிகளையும் சேர்க்க வேண்டும். இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகளைக் கொண்டு சிங்கப்பூரில் சாலையும் பாலமும் போட்டார்கள். 1862-இல் திருநிலைப்படுத்தப்பட்ட புனித ஆண்ட்ரூ பேராலயமும், இன்று குடியரசுத் தலைவர் மாளிகையாக இருக்கும் இஸ்தானாவும் கைதிகளின் உழைப்பில் எழுந்தவை.

பினாங்குக்காரர் சொல்வது என் வாதத்துக்கு வலுவே சேர்க்கிறது. வணிகராக வந்த தமிழர் நகரத்தில் நின்றார், கடை வைத்தார், பள்ளிவாசல் கட்டினார். கங்காணி கையில் வந்த தமிழர் தோட்டத்தில் நின்றார். மொழி ஒன்று, கரை ஒன்று, வந்த வழிதான் வேறு.

ஜூன் 5

"சீனர்கள் எப்போதுமே நகரவாசிகள், அது அவர்கள் இயல்பு" என்று ஒருவர். இல்லை.

ஜப்பானியர் காலத்திலும் அதற்கு முன் பொருளாதார மந்தக் காலத்திலும் வேலை இழந்த சீனர்கள் லட்சக்கணக்கில் காட்டோரம் போய்க் காய்கறியும் மரவள்ளியும் பயிரிட்டார்கள். அவர்கள் கையில் நிலப்பட்டா கிடையாது. 1948-இல் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க பிரிட்டிஷ் ஆட்சி அறிவித்த அவசரகாலம் தொடங்கியது. கம்யூனிஸ்ட் கொரில்லாக்களுக்கு இவர்களிடமிருந்து அரிசி போகிறது என்று 1950 முதல் பிரிக்ஸ் திட்டத்தின்படி ஏறக்குறைய 5 லட்சம் பேரை லாரிகளில் ஏற்றி, முள்வேலி போட்ட புதுக்கிராமங்களில் அடைத்தார்கள். நானூறுக்கும் மேற்பட்ட புதுக்கிராமங்கள். பிற்பாடு அவற்றில் பல வளர்ந்து சிறு நகரங்களாயின, பல பெருநகரங்களின் புறநகராயின. இன்று நாம் காணும் நகரச் சீனரில் ஒரு பெரும் பகுதியினரை நகரத்துக்குள் தள்ளியது ராணுவம்.

கணவனை இழந்து, நிலத்தை இழந்து, இரவோடிரவாக வேலிக்குள் போன அந்தப் பெண்களிடம் போய் "உங்கள் இயல்பு நகர இயல்பு" என்று யார் சொல்வது?

ஜூன் 5, இரவு

பெண்களைப் பற்றி எழுதியதால் இன்னொன்று. ஒரு குடியேற்றம் எப்போது வேர்பிடிக்கிறது என்று கேட்டால், பெண்கள் வந்து சேரும்போது என்பேன். 1920-கள் வரை சீனர் குடியேற்றம் பெரும்பாலும் ஆண்களுடையது. மந்தக் காலத்தில், 1930 முதல், சீன ஆண் தொழிலாளர் வருகைக்கு அரசு வரம்பு போட்டது. 1933-இல் அந்நியர் சட்டம் வந்தது. பெண்களுக்கு மட்டும் 1938 வரை வரம்பு இல்லை. ஆண்களுக்கு டிக்கெட் கிடைக்காத கப்பல்களில் பெண்கள் வந்தார்கள். சிங்கப்பூரில் சிவப்புத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு கட்டட வேலை செய்த சம்சுய் பெண்கள் அந்தக் காலத்தவர்கள். வேலையில்லாதவர்களைக் குறைக்கப் போட்ட சட்டம், ஒரு சமூகத்தைக் குடும்பங்களாக நிலைக்க வைத்தது.

தமிழ்ப் பெண்கள் வந்த வழி வேறு. பால்மரம் வெட்டப் பெண்கள் கை ஏற்றது என்று தோட்டங்கள் குடும்பத்தோடு ஆட்களைக் கேட்டன. ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதற்கும் கீழே. பிள்ளைகள் ஆயாக் கொட்டகையில். மலாய்க் கூட்டரசு மாநிலங்களின் 1923 தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்றது. மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் ஓர் அறை, கணக்கப்பிள்ளையே வாத்தியார், இப்படித்தான் பல பள்ளிகள் தொடங்கின. இன்று ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இந்த நாட்டில் இருக்கின்றன. அவற்றில் பலவற்றின் பிறப்பு இதுதான். அந்தப் பள்ளி ஆறாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்குமேல் படிக்கத் தோட்டத்தைத் தாண்ட வேண்டும். என் தலைமுறையில் தாண்டியவர்கள் மிகக் குறைவு. நான் தாண்டினேன் என்றால், விடியுமுன் எழுந்து என்னை லாரிச் சாலைவரை நடத்திக்கொண்டு போன என் அம்மாதான் காரணம். அதன் பிறகே அவர் பெரட்டுக்கு, காலை ஆள்கணக்கெடுப்புக்கு, ஓடுவார்.

ஜூன் 7

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். "சூழ்நிலையை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எதிர்த்து நிற்கவே இல்லையே" என்கிறார்.

எதிர்த்து நின்றார்கள், ஐயா. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வேலைநிறுத்தத்தில் இறங்கின. ஆர். எச். நாதன் என்ற இளைஞர் முன்னால் நின்றார். அவர்கள் கேட்டவற்றைப் படியுங்கள்: சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி, கள்ளுக்கடையை மூடுவது, பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்துவது, துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிப்பது. கூலியோடு மானத்தையும் கேட்டார்கள். நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். படை வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள்.

போருக்குப் பிறகு கெடாவில் தொண்டர் படை எழுந்தது. கள்ளை எதிர்த்த இளைஞர்கள்; கள்ளுக்கடை மறியல் செய்து, அதற்கும் அடிபட்டார்கள். தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதியை 1949-இல் தூக்கிலிட்டார்கள். முனைப்பு இல்லாதவர்களையா தூக்கிலிட்டார்கள்?

ஜூன் 7, சற்று நேரம் கழித்து

கள் என்றதும் ஒருவர் "குடிதான் நம்மைக் கெடுத்தது" என்று எழுதிவிட்டார். குடி கெடுத்தது உண்மை. அதை நான் வீட்டுக்குள்ளேயே பார்த்திருக்கிறேன். ஆனால் தோட்டத்துக்குள் கள்ளுக்கடையை அனுமதித்தது யார்? சீனத் தொழிலாளிக்கு அபின் விற்றது யார்? நீரிணைக் குடியேற்றங்களின் (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா) அரசு வருமானத்தில் பல ஆண்டுகள் ஏறத்தாழ பாதி அபினிலிருந்து வந்தது. துறைமுகமும் சாலையும் அந்தப் பணத்தில் போட்டவை. வந்தவனின் உழைப்பை ஒரு கையால் வாங்கி, அவன் கூலியை மறு கையால் திரும்ப வாங்கிக்கொண்ட ஆட்சி அது.

ஜூன் 10

போர்க்காலத்தைப் பற்றி இரண்டு நாள் எழுத மனம் வரவில்லை.

எங்கள் தோட்டம் கெடாவில், கூலிம் பக்கம். என் பாட்டி நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர். கப்பலின் பெயர் ரஜுலா என்பதையும், மேல்தளத்தில் வெயிலில் கிடந்ததையும், பினாங்குக்கு எதிரே ஜெரஜாக் தீவில் தனிமைப்படுத்தி வைத்ததையும் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். ஜப்பானியர் காலத்தைப் பற்றி மட்டும் கேட்டால்தான் சொல்வார், அதுவும் ஓரிரு வாக்கியம்.

1942-43-இல் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு ஜப்பானியர் 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். போர்க்கைதிகளான வெள்ளையர்களின் கல்லறைகளில் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகப் பார்த்தேன். தமிழர்களுக்கு அப்படி ஒரு வரிசை இல்லை. பாட்டியின் அண்ணன் போனார், வரவில்லை. மூன்று மாத வேலை, நல்ல கூலி என்று சொல்லி அழைத்தார்களாம். வாந்திபேதி என்று திரும்பி வந்த ஒருவர் சொன்னார். அவ்வளவுதான் எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்தது.

மரவள்ளிக்கிழங்கு தின்றே மூன்றரை ஆண்டு ஓடியது. அதே தோட்டங்களிலிருந்து இளம்பெண்கள் இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார்கள். 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் பொறுப்பேற்றபின் தோட்டங்களில் எழுந்த எழுச்சியை நேரில் கண்டவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். கங்காணிக்கும் தோட்ட எழுத்தரான கிராணிக்கும் முன்னால் குனிந்து நின்ற பெண்கள் சீருடை அணிந்து துப்பாக்கி பிடித்தார்கள். திரும்பி வந்தபோது அவர்களால் பழையபடி குனிய முடியவில்லை. போருக்குப் பின் எழுந்த சங்கங்களை இந்த மாற்றத்தை விட்டுவிட்டு விளக்க முடியாது.

ஜூன் 10, இரவு

ஒரு கணக்கு. 1931 கணக்கெடுப்பில் மலாயா இந்தியர்களில் ஐந்தில் ஒருவர்தான் இங்கே பிறந்தவர். 1947-இல் ஏறக்குறைய பாதிப் பேர். நடுவில் நடந்தவை: 1938-இல் இந்திய அரசு உதவிக்கட்டணக் குடியேற்றத்தை, அதாவது பிறர் கப்பல் கட்டணம் கட்டி அழைத்துப்போவதை, தடை செய்தது, பிறகு போர், கப்பல் இல்லை. வந்து போய்க்கொண்டிருந்த கூட்டம் வேறு வழியின்றி நிலைகொண்டது. ஊருக்குத் திரும்பும் கனவோடு பெட்டியைக் கட்டி வைத்திருந்தவர்களின் பிள்ளைகளுக்கு இதுவே ஊர் ஆயிற்று.

ஜூன் 12

"மலாய்க்காரர்களும் குடியேறியவர்கள்தானே" என்று ஒருவர் எழுத, மூன்று பேர் அவரைப் பாராட்டியிருக்கிறார்கள். இதை நான் ஏற்கவில்லை, தகவல் ஓரளவு சரியாக இருந்தும்.

நெகிரி செம்பிலானுக்கு மினாங்கபாவு மக்கள் சுமத்ராவிலிருந்து வந்தார்கள், சிலாங்கூர் அரச குடும்பம் பூகிஸ் வழி, ஜொகூரின் மேற்குக் கரையில் ஜாவானியர், கிரியான் நெல்வயல்களில் பஞ்சாரியர். அவர்கள் மலாய்ச் சமூகத்துக்குள் கலந்தார்கள். அரசமைப்புச் சட்டத்தின் 160-ஆவது பிரிவு மதம், மொழி, வழக்கம் ஆகியவற்றைக் கொண்டே மலாய்க்காரரை வரையறுக்கிறது. ஆனால் இதை வைத்து "எல்லோரும் ஒன்றுதான்" என்று முடித்துவிட்டால் இரண்டு உண்மைகள் மறைந்துபோகும். தீவுக்கூட்டத்துக்குள் அரசுகளோடும் உறவுகளோடும் நகர்ந்தவர்களை, ஓர் ஏகாதிபத்தியம் தன் லாபத்துக்காகக் கப்பலில் இறக்கியவர்களோடு சேர்க்க முடியாது. இரண்டாவது, ஓராங் அஸ்லி மக்கள். எல்லா அலைக்கும் முன்பே இருந்தவர்கள் அவர்கள். ஈயத்துக்கும் ரப்பருக்கும் அணைக்கட்டுக்கும் தங்கள் காட்டை இழந்தவர்கள் அவர்கள். நாம் வந்த நாள் முதல் வெட்டிய மரங்களின் அடியில் அவர்கள் நிலம் இருந்தது. அவர்களைப் பற்றி இங்கே யாருமே, நானும், இதுவரை ஒரு வரி எழுதவில்லை.

பேராக்கின் ஈயச் சுரங்கப் பகுதியான லாரூட்டில் சீனக் கும்பல்களான கீ ஹின்னும் ஹாய் சானும் 1861 முதல் மோதியதும், பேராக் அரியணைச் சண்டை அதோடு பின்னியதும், 1874 ஜனவரி பங்கோர் உடன்பாட்டில் பிரிட்டிஷார் உள்ளே வந்ததும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் பாடத்தை நடத்தும்போதெல்லாம் மலாய் மாணவர்களின் முகத்தைக் கவனிப்பேன். தங்கள் சுல்தானின் அதிகாரம் போனதற்கு வந்தவர்களின் சண்டை ஒரு காரணம் என்று அவர்கள் படிக்கிறார்கள். அந்த வலியைப் புரிந்துகொள்ளாமல் 1957 சுதந்திரத்தின்போது நடந்த பேரத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

ஜூன் 13

அந்தப் பேரம் என்ன என்று ஓர் இளைஞர் கேட்டிருக்கிறார். தம்பி, சுருக்கமாக: மலாய்க்காரரின் சிறப்பு நிலை 153-ஆவது பிரிவில் உறுதியானது, மலாய் தேசிய மொழி ஆனது, மறுபக்கம் குடியேறியவர்களுக்குக் குடியுரிமை திறந்துவிடப்பட்டது. 1957 ஆகஸ்ட் 31 அன்றோ அதற்குப் பின்போ இங்கே பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் (1962-இல் இதைச் சுருக்கினார்கள்). முன்பே இருந்தவர்கள் விண்ணப்பிக்க வேண்டும். முதல் ஓராண்டுக்கு மொழித் தேர்வு கூட இல்லை. 1957 கணக்கெடுப்பில் மலாயாவின் மக்கள்தொகை 62 லட்சத்துக்கும் சற்று அதிகம். மலாய்க்காரர் பாதி, சீனர் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், இந்தியர் பத்தில் ஒரு பங்குக்கு மேல். யாரும் தனியாக ஆள முடியாத கணக்கு. விட்டுக்கொடுத்தார்கள் என்று நான் பெருமையோடுதான் பாடம் நடத்தினேன். இன்றும் அந்தப் பெருமை குறையவில்லை.

ஆனால் கதவு திறந்திருந்தபோது நுழையாதவர்களைப் பற்றிப் பாடப்புத்தகம் பேசுவதில்லை.

ஜூன் 13, நள்ளிரவு

என் அப்பா விண்ணப்பிக்கவில்லை. அவரிடம் பிறப்புப் பத்திரம் இல்லை. அலுவலகம் போக ஒரு நாள் கூலி போகும். கிராணி "உனக்கு எதற்கு, ஊருக்குப் போகிறவன்தானே" என்றாராம். "தமிழ் முரசு" ஆசிரியர் கோ. சாரங்கபாணி குடியுரிமை எடுங்கள் என்று எழுதினார், பேசினார். எங்கள் லயனில் பத்திரிகை படித்துக் காட்ட ஆள் இல்லை. அப்பாவுக்குக் கிடைத்தது சிவப்பு அடையாள அட்டை. இருக்கலாம், குடிமகன் இல்லை.

1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதி வாங்க வேண்டும். 1969 மே 13 இனக்கலவரத்துக்குப் பிறகு அதை இறுக்கினார்கள். (கலவரத்தால் தமிழர்கள் ஓடினார்கள் என்று மேலே ஒருவர் எழுதியிருப்பது காரணத்தைத் தவறவிடுகிறது. சட்டம் கலவரத்துக்கு முந்தையது. அச்சமும் அனுமதிச்சீட்டும் சேர்ந்தே விரட்டின.) ஏறக்குறைய 60,000 பேர் இந்தியாவுக்குத் திரும்பினார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அவர்களில் பலர் இந்தியாவைப் பார்த்ததே இல்லை.

அப்பாவுக்கு அனுமதி நீட்டிக்கப்பட்டது, எங்கள் நல்ல காலம். அவருடைய தம்பிக்குக் கிடைக்கவில்லை. சித்தப்பா, சித்தி, பிள்ளைகள் எல்லோரும் பினாங்குத் துறையில் ரஜுலாவில் ஏறினார்கள். பாட்டியை இங்கே கொண்டுவந்த அதே கப்பல்தான். என்னோடு ஒரே பாயில் படுத்தவள் சித்தப்பா மகள். திருச்சிப் பக்கத்திலிருந்து அவள் எழுதிய முதல் கடிதத்தில், இங்கே எல்லோரும் எங்களை மலாய்க்காரர்கள் என்று கூப்பிடுகிறார்கள் என்று இருந்தது.

ஜூன் 15

சித்தப்பாவைப் பற்றிப் படித்துவிட்டுப் பலர் எழுதியிருக்கிறீர்கள். நன்றி. உங்கள் வீடுகளிலும் இப்படிப் போனவர்கள் இருப்பார்கள்; சிவப்பு அட்டை, அனுமதிச்சீட்டு, கப்பல் டிக்கெட் எது இருந்தாலும் எறிந்துவிடாதீர்கள். படம் எடுத்து, யாருடையது, எந்தத் தோட்டம் என்று பின்னால் எழுதி வையுங்கள்.

ஜூன் 16

"நம் தலைவர்கள் என்ன செய்தார்கள்" என்ற கேள்விக்கு ஒரே ஒரு பதில் சொல்கிறேன், முழுப் பதில் அல்ல.

ஐம்பதுகளில் வெள்ளையர் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் புறப்பட்டன. துண்டு வாங்கியவர் லயனை இடித்தார், ஆட்களைக் குறைத்தார். அப்போது வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களிடமிருந்து பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தார். முதலில் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். பால் வெட்டியவர்கள் பணம் போட்டுத் தோட்டம் வாங்கிய நாள் அது. என் அம்மா மாதாமாதம் கட்டினார், அப்பா சந்தேகப்பட்டார். அம்மாதான் சரி.

முனைப்பைத் தேடும் கேள்வியாளர் இந்த ரசீதுகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஜூன் 20

கடைசியாக எழுதியதற்குக் கேள்வியாளர் நேர்மையாகப் பதில் சொல்லியிருக்கிறார்: "என் தாத்தாவும் பங்கு வாங்கியிருந்தார், எனக்கு இப்போதுதான் தெரிந்தது." வீட்டில் கேட்டாராம். எனக்கு அது போதும். ஆனால் அவர் இன்னொன்றையும் சேர்த்திருக்கிறார்: "வங்காளதேசத்தவரும் நேபாளியரும் வந்து குவிகிறார்களே, இந்த அலையும் நாட்டை மாற்றிவிடாதா?"

சென்ற மாதம் பழைய தோட்டத்துக்குப் போனேன். ரப்பர் எப்போதோ போய்விட்டது, செம்பனை. மாரியம்மன் கோவில் இருக்கிறது, லயனில் ஒரு வரிசை இருக்கிறது. அதில் வங்காளதேச இளைஞர்கள். ஒருவரோடு மலாயில் பேசினேன். இரண்டு ஆண்டில் அழகாகக் கற்றிருந்தார். வருவதற்கு ஏஜெண்டுக்குக் கொடுக்க ஊரில் நிலத்தை அடகு வைத்ததாகச் சொன்னார். பாஸ்போர்ட் எங்கே என்று கேட்டேன். நிர்வாகத்திடம் என்றார். என் பாட்டி இருந்த வரிசை அது. அங்கே அதற்குமேல் நிற்க முடியாமல் காருக்கு வந்துவிட்டேன்.

ஜூன் 21

"இவர்கள் தங்கிவிடுவார்கள்" என்று பயப்படுகிறவர்களுக்கு: தங்க முடியாதபடிதான் விதி எழுதப்பட்டிருக்கிறது. அனுமதிச்சீட்டு ஒரு முதலாளியோடு கட்டப்பட்டது. அவரை விட்டு வெளியேறினால் அந்தக் கணமே சட்டவிரோதி. தற்காலிக வேலை அனுமதியில் இருப்பவர் இங்கே திருமணம் செய்யக் கூடாது. மனைவி பிள்ளைகளை அழைத்து வரவும் முடியாது. சஞ்சிக்கூலியாக வந்த தமிழன் கூட ஒப்பந்தம் முடிந்தபின் இன்னொரு தோட்டம் தேடலாம், குடும்பம் வைக்கலாம். செம்பனை எண்ணெய், கையுறை, அடுக்குமாடி எல்லாவற்றிலும் இவர்கள் கை இருக்கிறது. நம் பாட்டன்மாருக்கு நடந்தது அநியாயம் என்று இங்கே எழுதுகிற நாம், இந்தப் பிள்ளைகளுடைய பாஸ்போர்ட்டை அவர்கள் கையிலேயே கொடுங்கள் என்று நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேட்க வேண்டும். நான் நேற்று எழுதி அனுப்பினேன். உங்கள் தொகுதிக்கு நீங்கள் எழுதுங்கள். வாசகம் வேண்டுமானால் கேளுங்கள், தருகிறேன்.